புகையா, கிருமியா? நாள்பட்ட நுரையீரல் நோயில் நீண்டகால வழக்கு ஒன்று

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக மன்னார்க்காடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் ஆனைகட்டி. இரு மாநிலங்களுக்கும் நடுவே எல்லையாக ஓடுவது கொடுங்கரைப் பள்ளம். மூச்சு முட்டி, நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஒலிக்கும் நோய்க்கு இக்கரைத் தமிழில் 'இழுப்பு' என்று பெயர். அக்கரை மலையாளத்தில் 'வலிவு' என்பர். இரண்டும் ஒரே உருவகத்தில் பிறந்தவை. 'துடுப்பு வலித்தல்' என்னும் தொடரில் தமிழும் காத்து வைத்திருக்கும் 'இழுத்தல்' என்ற பொருளே அந்த மலையாளச் சொல்லுக்கும் அடிப்படை. புகைபிடித்தலை மலையாளத்தில் 'புகவலி' என்பார்கள். ஆக, புகையை இழுப்பதும் நெஞ்சு இழுப்பதும் அம்மொழியில் ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தச் சொற்கோவையில் இடம்பெறாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அது கிருமி. தடுமன், நீர்க்கோவை, ஜலதோஷம், சளி என்று அதற்குப் பல பெயர்கள் இருப்பினும் அவை யாவும் மூன்று நாளில் போய்விடும் சிறு தொல்லையின் பெயர்களாகவே வழங்குகின்றன. பல ஆண்டுகளாக இழுப்பால் துன்புறும் ஒருவருக்குச் சளி பிடித்தால் என்ன நிகழ்கிறது என்பதைத் தனியே குறிக்கும் சொல் பேச்சு வழக்கில் இல்லை. இந்தக் குறை நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. நாள்பட்ட நுரையீரல் நோய் திடீரெனத் தீவிரமடைவதில் தொற்றின் பங்கு என்ன என்னும் வினாவுக்கு மேலை மருத்துவமும் நெடுங்காலம் தடுமாறியே விடை தேடியது. அத்தடுமாற்றத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதுவதே இப்பதிவின் நோக்கம். என் துறை மொழியியல். மருத்துவ வரலாற்றுக்குள் நான் நுழைவது சொற்களின் வழியாகவே.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். இன்று நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று அழைக்கப்படுவதில் இரண்டு மாற்றங்கள் கலந்திருக்கின்றன. மூச்சுக்குழல்கள் தடித்து, கோழை மிகுந்து, குறுகிப்போவது ஒன்று. நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்து, மீள்தன்மையை இழப்பது மற்றொன்று. இதனை எம்பைசீமா என்பர். இந்நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். அதனிடையே சில நாள்களில் மூச்சுத்திணறலும் இருமலும் கோழையும் திடீரென மிகும். இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'கடுமையான, கசப்பான' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நான் இங்கே அதனைத் 'திடீர்த் தீவிரம்' என்று குறிப்பிடுகிறேன். மெல்ல வளர்வது, திடீரெனத் தீவிரமடைவது என்னும் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தவறியதே பின்வரும் வரலாற்றில் நேர்ந்த குழப்பங்களுக்கெல்லாம் காரணம்.

மூச்சுக்குழல் அழற்சிக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1808இல் ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் பேடம் தம் நூலில் பயன்படுத்தினார். 1816இல் இதயத்துடிப்பு மானியை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக், 1819இல் வெளியிட்ட நூலில் எம்பைசீமாவை விரிவாக வருணித்தார். இவர்கள் காலத்தில் கிருமிக் கொள்கை இல்லை. குளிர், ஈரம், பனி ஆகியவையே காரணங்களாகக் கருதப்பட்டன. லேனெக் 1826இல் காசநோயால் இறந்தார். நுரையீரலைக் கேட்க வழிசெய்தவரின் நுரையீரலை அழித்த கிருமி 1882இல் ராபர்ட் கோக்கால் அடையாளம் காணப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிருமிகள் கண்டறியப்பட்டபோது பிழையும் உடன் வந்தது. 1889இல் தொடங்கிய பெரும் இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயின்போது, ஜெர்மானியர் ரிச்சர்ட் ஃபைஃபர் நோயாளிகளின் கோழையில் ஒரு சிறு பாக்டீரியாவைக் கண்டார். இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் அதுவே என 1892இல் அறிவித்தார். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்பதை 1933இல் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகியோர் காட்டினர். ஆயினும் ஃபைஃபரின் பாக்டீரியா இன்றும் 'ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே' என்ற பெயரையே சுமக்கிறது. தான் செய்யாத குற்றத்தின் பெயரோடு வாழும் அந்தக் கிருமி வேறொரு குற்றத்தில் பங்குள்ளது என்பது பிற்பாடு தெரியவந்தது. 1950களில் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உடையோரின் கோழையை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது நிமோனியாக் கிருமியான நியூமோகாக்கஸையும் இந்த ஹீமோஃபிலஸையுமே.

இவ்வாய்வுகள் நடந்த நாட்டில்தான் புகைக்கும் கிருமிக்குமான வழக்கு முதலில் வெளிப்படையாக எழுந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி லண்டன் நகரை மூடியது. சுமார் 4,000 பேர் மிகையாக இறந்தனர் என அரசு கணக்கிட்டது. இறந்தவர்களுள் பெரும்பகுதியினர் முதியோரும் ஏற்கெனவே நெஞ்சு நோய், இதய நோய் உடையோரும் ஆவர். பனி விலகிய பின்னும் 1953 பிப்ரவரி வரை இறப்புகள் வழக்கத்தைவிட மிகுதியாகவே இருந்தன. அந்தப் பிற்கால இறப்புகளை அரசு அறிக்கை இன்ஃபுளுவென்சாவின் கணக்கில் எழுதியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் ஆகிய இருவரும் அத்தரவுகளை மறுபடி ஆராய்ந்தனர். அத்தனை இறப்புகளை விளக்கும் அளவுக்கு அவ்வாண்டு இன்ஃபுளுவென்சா பரவவில்லை என்பதும், மொத்த மிகை இறப்பு சுமார் 12,000 ஆகலாம் என்பதும் அவர்களின் முடிவு. புகையின் மீது விழ வேண்டிய பழி கிருமியின் மீது விழுந்திருந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு அடுத்த தலைமுறையில் நடந்தது. கோழை மிகுவதால் தொற்று வருகிறது, மீண்டும் மீண்டும் வரும் தொற்றால் நுரையீரல் அழிகிறது என்ற கருத்து பிரிட்டனில் செல்வாக்குப் பெற்றிருந்தது. இதற்குப் 'பிரிட்டிஷ் கருதுகோள்' என்றே பெயர் ஏற்பட்டது. அதைச் சோதிக்க சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்தம் குழுவினரும் லண்டனில் வேலைபார்த்த 792 ஆண்களை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1977இல் வெளியான முடிவு தெளிவானது: மூச்சுத்திறன் குறையும் வேகத்தைத் தீர்மானிப்பது புகைபிடித்தல்; நெஞ்சுத் தொற்றுகள் அவ்வேகத்தைக் கூட்டவில்லை. புகைபிடிப்பதை நிறுத்தினால் வீழ்ச்சியின் வேகம் குறையும் என்ற செய்தியும் அதில் இருந்தது. புகையிலைக்கு எதிரான பணிக்கு இவ்வாய்வு பெரும் துணையாக அமைந்தது.

ஆனால் ஓர் ஆய்வு விடையளித்த வினாவையும் பிறர் அதிலிருந்து வருவித்துக்கொண்ட முடிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் எவ்வேகத்தில் வளர்கிறது என்பதே ஃபிளெட்சரும் பீட்டோவும் எழுப்பிய வினா. திடீர்த் தீவிரம் எதனால் நேர்கிறது என்பது வேறு வினா. கோழையில் கிருமிகள் நலமான நாள்களிலும் அதே அளவு காணப்படுகின்றன என்ற வாதமும் அக்காலத்தில் வலுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து, கிருமிகள் வெறும் வழிப்போக்கர்கள் என்ற எண்ணத்தை நிலைநிறுத்தின. கிருமி முற்றாக விடுவிக்கப்பட்டது. மேலும் ஒன்று: அந்த 792 பேரில் ஒரு பெண்ணும் இல்லை.

பெண்களைக் குறித்த வினா வேறோர் இடத்தில் முன்பே எழுப்பப்பட்டிருந்தது. அதை எழுப்பியவர் கொங்கு நாட்டோடு தொடர்புடைய ஒருவர். பர்மாவில் 1917இல் பிறந்து, ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. பத்மாவதி, 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது தாயுடனும் சகோதரிகளுடனும் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போருக்குப் பின் லண்டனிலும் அமெரிக்காவிலும் மேற்பயிற்சி பெற்று, 1953இல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநர் என்று போற்றப்படும் அவர், நுரையீரல் நோயால் வலப்பக்க இதயம் தளரும் நிலையை ஆராய்ந்தார். 127 நோயாளிகளைப் பற்றி அவரும் பாதக்கும் எழுதிய கட்டுரை 1959இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளிவந்தது. மேலை நாடுகளில் இது பெரிதும் ஆண்களின் நோய். டெல்லியிலோ அரிதாகவே புகைபிடிக்கும் பெண்களிடமும் ஆண்களுக்கு இணையாக, அதுவும் இளைய வயதிலேயே, இந்நோய் காணப்பட்டது. சாணவறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகை மீது கவனம் திரும்பியது. புகை என்றாலே சிகரெட் என்று உலகம் எண்ணிய காலத்தில், அடுப்படியை மருத்துவ இதழுக்குள் கொண்டுவந்த முன்னோடி எழுத்துகளுள் அதுவும் ஒன்று.

கிருமியின் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது 1987இல். கனடாவின் ஆன்டனிசனும் குழுவினரும் 173 நோயாளிகளுக்கு நேர்ந்த 362 திடீர்த் தீவிரங்களை ஆராய்ந்தனர். நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவர்களுள் 68 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினரும் தேறினர். மூச்சுத்திணறல் கூடுதல், கோழை மிகுதல், கோழை சீழ்நிறம் அடைதல் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தவர்களிடமே இம்மருந்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதாவது, சில தீவிரங்களில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

'நலமான நாளிலும் கிருமி இருக்கிறதே' என்ற பழைய வாதத்துக்கு விடை 2002இல் வந்தது. பஃபலோ நகரில் சஞ்சய் சேத்தி, டிமதி மர்பி ஆகியோர் 81 நோயாளிகளின் கோழையை 56 மாதங்கள் தொடர்ந்து சோதித்தனர். பாக்டீரியாவின் இனத்தோடு நில்லாமல் அதன் உள்வகையையும் மூலக்கூறு முறையில் பிரித்தறிந்தனர். புதிய உள்வகை ஒன்று காணப்பட்ட வருகைகளில் 33 விழுக்காடு திடீர்த் தீவிரத்தோடு சேர்ந்திருந்தன. புதிய உள்வகை இல்லாத வருகைகளில் அது 15.4 விழுக்காடு மட்டுமே. பெயர் ஒன்றாக இருந்ததால் முன்பிருந்த கிருமியும் புதிதாக வந்த கிருமியும் ஒன்றே என எண்ணப்பட்டுவந்தன. வகைப்படுத்தல் நுட்பமானபோது வேறுபாடு புலப்பட்டது. மொழியியலாளர் எவருக்கும் இது பழகிய பாடம்.

அதே காலத்தில் கிழக்கு லண்டனில் வெட்ஸிகா, சீமுங்கல், டொனால்ட்சன் ஆகியோர் நோயாளிகளை நாட்குறிப்பு எழுதச் செய்து பின்தொடர்ந்தனர். 2001இல் வெளியான ஆய்வில் சுமார் 39 விழுக்காடு திடீர்த் தீவிரங்களில் சுவாச வைரஸ்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் முதன்மையானது சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு அச்சமூட்டுவது. ஒரு தீவிரத்துக்குப் பின் 35 நாள்கள் கடந்தும், மூச்சுத்திறன் பழைய நிலையை எட்டியது நான்கில் மூன்று பங்கு நிகழ்வுகளில் மட்டுமே. 91 நாள்களுக்குப் பின்னும் சுமார் 7 விழுக்காடு மீளவில்லை. 2002இல் டொனால்ட்சனின் ஆய்வு, அடிக்கடி தீவிரம் நேர்பவர்களின் மூச்சுத்திறன் ஆண்டுக்கு 40.1 மில்லிலிட்டரும் மற்றவர்களுக்கு 32.1 மில்லிலிட்டரும் குறைவதைக் காட்டியது. 1977இன் முடிவு இவ்வாறு திருத்தம் பெற்றது. வீழ்ச்சியைத் தொடங்கிவைப்பது பெரிதும் புகையே; ஆனால் நோய் வேரூன்றிய பின் தொற்றும் அந்த வீழ்ச்சியை விரைவுபடுத்துகிறது. 2011இல் லண்டனில் மாலியாவும் குழுவினரும் இசைவளித்த 13 நோயாளிகளுக்கு ரைனோவைரஸைச் செலுத்தித் திடீர்த் தீவிரத்தின் அறிகுறிகள் தோன்றுவதை நேரடியாகக் கண்டனர். அடுத்த ஆண்டு அக்குழு வெளியிட்ட ஆய்வில், வைரஸ் தொற்றிய நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பின்தொடர்ந்து பாக்டீரியாத் தொற்றும் வந்தது.

புகையும் கிருமியும் எவ்வாறு கூட்டுச் சேர்கின்றன என்பதும் இப்போது ஓரளவு தெளிவு. மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் கோழையோடு மேலே தள்ளும். புகை அம்மயிர்களை முடமாக்குகிறது, கோழையை மிகுவிக்கிறது, கிருமிகளை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்களின் திறனையும் குறைக்கிறது. அவ்வாறு காவல் தளர்ந்த இடத்தில் வைரஸ் வந்தால் அழற்சி பன்மடங்காகிறது. ஏற்கெனவே குறுகிய குழல் மேலும் வீங்குகிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற இயலாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது. நலமுள்ள ஒருவருக்கு மூக்கோடு நின்றுவிடும் சளி, இவருக்கு மருத்துவமனைப் படுக்கையாகிறது.

எவரும் திட்டமிடாத பெருஞ்சோதனை ஒன்று 2020இல் நிகழ்ந்தது. முகக்கவசமும் விலகியிருத்தலும் பரவலானபோது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் திடீர்த் தீவிரத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை பல நாடுகளில் சுமார் பாதியாகக் குறைந்தது. மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சியதும், வாகனப் புகை குறைந்ததும் இதில் பங்காற்றியிருக்கலாம். ஆயினும் சுவாச வைரஸ்களின் சுற்றோட்டம் தடைப்பட்டது முதன்மையான காரணம் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, அடுப்புப்புகை குறித்து எழுதிய பத்மாவதி, கோவிட் தொற்று இரு நுரையீரல்களையும் தாக்க, 103ஆம் வயதில் டெல்லியில் மறைந்தார்.

இனி ஆனைகட்டிக்கு வருவோம். இந்த வழக்கின் இரு தரப்புகளும் இங்கே அருகருகே இருக்கின்றன. ஆனைகட்டிக்குச் செல்லும் வழியிலுள்ள தடாகம் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் புகைந்த செங்கற்சூளைகள், உரிமமின்றி இயங்கியதற்காக 2021இல் மூடப்பட்டன. எல்லையின் இருபுறமும் பழங்குடி ஊர்களிலும் பிற சிற்றூர்களிலும் விறகடுப்பு இன்னும் அணையவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பை எளிதாக்கியது உண்மை. ஆனால் உருளையை மறுபடி நிரப்பும் செலவும் காட்டில் கிடைக்கும் விறகும் ஒப்பிடப்படும்போது பல வீடுகளில் விறகே வெல்கிறது. ஊதுகுழலால் தீயை எழுப்பும் பெண், புகைபிடிக்காமலே புகையை உட்கொள்கிறார். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 சிற்றூர்களில் 30 வயதைக் கடந்த, புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், 2.44 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. நூறில் இரண்டு பேருக்குச் சற்று மேல் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். புகைபிடிக்காத பெண்களுக்கு இந்நோய் வராது என்று எண்ணும் சூழலில் அந்த இரண்டு பேரும் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

அவர்கள் கணக்கில் வராமைக்கு மொழியும் ஒரு காரணம் என்பதே என் வாதம். 'சளி' என்னும் ஒரே சொல்லால் மூன்றைச் சுட்டுகிறோம்: மூக்கில் நீர் வடியும் தொற்று, நெஞ்சில் தேங்கும் கோழை, அவற்றால் நேரும் மூச்சுத்திணறல். 'எனக்குச் சளி' என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது இம்மூன்றுள் எது என்பது கேட்பவருக்கு விளங்குவதில்லை. இருமல் மருந்தோடு அவர் வீடு திரும்பினால், ஒரு திடீர்த் தீவிரம் பதிவாகாமலே கடந்துபோகிறது. அதற்குப் பின் அவர் இழக்கும் மூச்சுத்திறன் எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை. மறுபுறம், 'சளி' என்றதும் நுண்ணுயிர்க்கொல்லியை எழுதிக் கொடுக்கும் வழக்கமும் பரவலாக உண்டு. திடீர்த் தீவிரங்களில் கணிசமான பகுதி வைரஸால் வருவது. வைரஸின் மீது இம்மருந்து செயல்படாது. கிருமிகளின் எதிர்ப்பாற்றல் வளரவே உதவும்.

இதற்குப் புதிய கலைச்சொல் எதையும் ஆக்க வேண்டியதில்லை. ஆன்டனிசனின் மூன்று அறிகுறிகளுக்கும் ஊர் வழக்கில் முன்பே சொற்கள் இருக்கின்றன: இழுப்பு கூடியதா, கோழை மிகுந்ததா, கோழை பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறியதா? இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: அடுப்பில் எரிவது விறகா? முதல் மூன்றும் இன்றைய தீவிரத்தை அறியவும், நான்காவது அதன் அடியில் பல்லாண்டுகளாக வளர்ந்த நோயை ஐயுறவும் உதவும். ஐயம் எழுந்தால் மூச்சளவி கொண்டு ஊதிப் பார்த்து உறுதிசெய்யலாம். ஆண்டுதோறும் போடத்தக்க இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசியைப் பற்றி அந்நோயாளியிடம் பேசலாம். எல்லைப்புற ஊர்களில் இவ்வினாக்களைத் தமிழிலும் மலையாளத்திலும், அங்குள்ள மக்களின் தாய்மொழியிலும் கேட்கக் கற்றுக்கொள்வது மருத்துவ மாணவர்க்கும் மொழி மாணவர்க்கும் பொதுவான பணி. நோய்ச்சொற்களைத் தொகுக்கும் களப்பணி நம் துறைக்குப் புதிதன்று. தொகுத்தவற்றை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதே மிக அரிதாக நடக்கிறது.

லண்டனில் கிருமியைக் காட்டிப் புகை தப்பியது. பின்னர் புகையிலையைக் காட்டிக் கிருமி தப்பியது. இரண்டு முறையும் அடுப்படியில் இருந்தவர்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள். ஒரு பெண்ணின் நுரையீரலைப் புகை முப்பது ஆண்டுகளாகத் தளர்த்தியிருக்க, ஒரு மழைக்காலச் சளி அவரைப் படுக்கையில் தள்ளுகிறது என்றால், அங்கே காரணம் ஒன்றா இரண்டா என்று வழக்காடுவதில் பயனில்லை. புகைக்கு எரிவாயுவும் புகைபோக்கியும், கிருமிக்குத் தடுப்பூசியும் தக்க மருந்தும் என இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.